ஹெல்டா எந்தப் பக்கம் கை தூக்கினாள்

அவிநாசி
5 ஜூன் 2025

அம்மணிக்கு,

கைபேசியை வாசலிலேயே வாங்கி, பெயர் ஒட்டி, இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதம் முடிந்து வெளியே போகும்போதுதான் தருவார்களாம். கடிதம் எழுதலாம். வருகிற கடிதத்தை வார்டன் கந்தப்பன் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். உள்ளே புட்டி ஏதும் மடித்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பாரோ என்னவோ.

குடியை நிறுத்த இங்கே வருவது இது மூன்றாவது தடவை என்பதால் எனக்கு மரியாதை அதிகம். புதிதாக வருகிறவர்களுக்கு எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த மாத்திரை வாயைக் கசக்கும் என்று நான்தான் சொல்கிறேன். நேற்று ஒருவர் என்னை டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டார்.

குழந்தை இசைமதியின் கை எப்படி இருக்கிறது? மாவுக்கட்டை எப்போது பிரிப்பார்கள்?

நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. நாளை வெள்ளிக்கிழமை. 'ஏழாம் கலம்' பதினான்காவது சீசன் தொடங்குகிறது. இரண்டு வருடம் காத்திருந்தோம், அந்த நாள் வரும்போது நான் இங்கே கிடக்கிறேன். இங்கே உள்ள டிவியில் செய்தியும் பக்திப் பாட்டும்தான். என் அறைக்காரர்களுக்கு அந்தத் தொடரே தெரியாது. பூமி குடியிருக்க லாயக்கில்லாமல் போனதும் அறுபத்திரண்டு பேர் ஒரு விண்கலத்தில் ஏறிக் கிளம்புகிறார்கள், பதிமூன்று சீசனாக இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். உடுமலைப் பக்கத்துக்காரர் ஒருவர், "அப்ப டிரைவர் சரியில்லீங்" என்றார்.

ஆனால் பாரிக் கதையைச் சொன்னதும் எல்லோரும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கலத்தின் மெக்கானிக், வெளியே ஓட்டையை அடைக்கச் சிறு கலத்தில் போகிறான், இணைப்பு அறுந்து இருட்டுக்குள் மிதந்து போய்விடுகிறான், கலத்தை நிறுத்த முடியவில்லை, சீசன் முடிந்துவிட்டது. "அப்பறம்?" என்கிறார்கள். எனக்கும் அதேதான் கேள்வி. அப்புறம்?

சனிக்கிழமை நாம் கூடிப் பார்க்கிற பேக்கரி மாடிக்குப் போ. நம் ஆட்களோடு உட்கார்ந்து பார். பார்த்துவிட்டு உன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி நாலு வரியில் எழுதாமல், முழுதாக எழுது. பாரிக்குக்காகக் கலத்தைத் திருப்பினார்களா?

அண்ணன்
கதிர்


சிங்காநல்லூர்
9 ஜூன் 2025

அண்ணா,

உங்கள் கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. டியூட்டி முடிந்து அப்படியே பேக்கரிக்குப் போனேன். மாடியில் பதினைந்து பேர் இருந்தார்கள். பம்ப் உதிரிபாகக் கடை பாலகோபால் சார் வழக்கம்போல டிவிக்கு நேர் முன்னால். சாஜிதா பேகம் மேடம் காலேஜில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த கையோடு வந்திருந்தார்கள். உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவுமில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எபிசோடு இப்படி. கலத்துக்கு ஒரு சிக்னல் வருகிறது, மிகவும் மெலிதாக. பாரிக் உயிரோடு இருக்கிறான். திரும்பிப் போனால் அவனை எடுத்துவிடலாம். ஆனால் போய் வருகிற காலத்துக்குத் தண்ணீர் போதாது. எல்லோருக்கும் பாதித் தண்ணீர் என்று அளந்து கொடுக்க வேண்டும், குழந்தைகள் தாங்குவார்களா என்று கலத்தின் டாக்டரால் சொல்ல முடியவில்லை. பெரியவர்களைக் கூடத்தில் கூட்டி ஓட்டு எடுக்கிறார்கள். கை தூக்கச் சொல்கிறார்கள். எண்ணினால் சரிபாதி. கேப்டன் ஹெல்டா மட்டும் பாக்கி.

அந்த இடத்தில் கீழே டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஹெல்டா திரும்பலாம் என்று கை தூக்கினாள். கலம் மெதுவாகத் திரும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு யானை குறுகலான சந்தில் திரும்புவது போல. முன் விளக்குகள் இருட்டைத் தடவிக்கொண்டே போயின. அதோடு முடித்துவிட்டார்கள்.

முடிந்ததும் ஒரே வாக்குவாதம். பாலகோபால் சார், "அறுவத்திரெண்டு உசுருங்க. ஒருத்தருக்காவ எப்புடீங்க திருப்பறது? கொழந்தைங்க இருக்குதுங்கல்ல" என்றார். சாஜிதா மேடம், "அந்த ஒருத்தர் இல்லீனா இந்த அறுவத்திரெண்டு பேரும் மூணாவது சீசன்லயே முடிஞ்சிருப்பாங்க சார்" என்றார்கள். "அதுக்குன்னு? செஞ்சதுக்குக் கூலி குடுக்கற எடமா அது?" என்று சொல்லிவிட்டுப் பாலகோபால் சார் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார்.

இசைமதியின் கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்கும். வலது கை என்பதால் சாப்பாடு ஊட்ட வேண்டியிருக்கிறது. நான் டியூட்டிக்குப் போனால் அவள் அப்பா ஊட்டுகிறார். எலும்பு நேராகக் கூடிவிட்டது, எக்ஸ்ரே படம் நானே எடுத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி


அவிநாசி
16 ஜூன் 2025

அம்மணிக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை வட்டமாக உட்காரவைத்து மனம் திறந்து பேசச் சொல்வார்கள். யாருக்கும் திறக்காது. இன்று நான் உன் கடிதத்தைத் திறந்தேன். 'கேப்டன் ஹெல்டா மட்டும் பாக்கி' என்ற இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். உடுமலைக்காரர், "படீங்க, படீங்க, உசுர வாங்காதீங்" என்றார். திரும்பியது என்று படித்ததும் அவர் கைதட்டினார். ஒரு பெரியவர் அழுதார். அவர் எதற்கும் அழுவார், ஆனாலும்.

யானை சந்தில் திரும்புவது என்று எழுதியிருந்தாயே, நன்றாக இருந்தது. உனக்கு இப்படியெல்லாம் எழுத வரும் என்று தெரியாது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஹெல்டா என்ன சொன்னாள்? அவள் பேசாமல் எதையும் செய்கிறவள் இல்லை. ஆறாவது சீசனில் சொந்தத் தம்பியைக் காவலில் வைத்தபோதே முக்கால் நிமிடம் பேசினாள். இவ்வளவு பெரிய முடிவை வாயைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கினாளா? அவள் இளகுகிறவளும் இல்லை. எழுதுகிறவர்கள் மாறிவிட்டார்களோ என்று சந்தேகம். இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். நியாயமில்லாவிட்டாலும் சந்தோஷம். பாலகோபாலிடம் சொல், கூலி கொடுக்கிற இடம் இல்லைதான், ஆனால் ஆளை விட்டுவிட்டுப் போகிற இடமும் இல்லை என்று.

ஆகஸ்ட் கடைசியில் என்னை விட்டுவிடுவார்கள். மாடி அறையில் காற்று வராது, ஜன்னலைத் திறந்து வை. தண்ணீர்த் தொட்டி மோட்டார் இரைகிறது என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார், வந்ததும் காயிலைப் பிரித்துப் பார்க்கிறேன். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலைக்குக் கம்பெனியில் மறுபடி எடுப்பார்களா தெரியாது, வீட்டிலேயே செய்யலாம். இசைமதியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நானே

இல்லை. அந்த வரியை விட்டுவிடு.

அண்ணன்
கதிர்


அவிநாசி
30 ஜூன் 2025

அம்மணிக்கு,

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எபிசோடு வந்திருக்க வேண்டும். உன்னிடம் இருந்து ஒன்றும் வரவில்லை. டியூட்டி அதிகமா? மேலுக்குச் சரியில்லையா? இங்கே எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், பாரிக்கை எடுத்தாயிற்றா என்று. ஒரு வரி போதும்.

கதிர்


அவிநாசி
8 ஜூலை 2025

அன்புக்கரசிக்கு,

சனிக்கிழமை ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். அபிலாஷ் என்று பெயர், கோவையில் வங்கியில் வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். கை நடுக்கம் நிற்கவில்லை, ஆனாலும் பேசுகிறார். நான் 'ஏழாம் கலம்' என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஐந்து எபிசோடும் பார்த்திருக்கிறார்.

நான் எல்லோரையும் கூப்பிட்டேன். பாரிக்கை எடுத்த கதையைக் கேளுங்கள் என்றேன். அவர், "எங்கீங்க எடுத்தாங்க? மொத எபிசோட்லயே ஹெல்டா வேண்டாம்னுட்டாங்களே" என்றார்.

நான் அவரைப் பொய்யன் என்றேன். உன் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "எந்தங்கச்சி நேர்ல பாத்து எழுதியிருக்குது, குடிச்சுப்போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் சட்டையைப் பிடித்தேன். கந்தப்பன் வந்து பிரித்துவிட்டார். அபிலாஷுக்கும் கோபம் வந்து, காட்சி காட்சியாகச் சொல்ல ஆரம்பித்தார். யார் யார் கை தூக்கினார்கள், யார் அழுதார்கள், ஹெல்டா என்ன சொன்னாள் என்று. அவள் பேசியதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ஹெல்டாவின் பேச்சு. யாராலும் அதைக் குடிபோதையில் கட்டிவிட முடியாது.

உடுமலைக்காரர் மட்டும், "போகுதுங்க, தங்கச்சி நல்லதுக்குத்தான எழுதிச்சு" என்றார். அதுதான் அதிகமாக எரிந்தது.

நான் குடிகாரன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நீ என் பையைச் சோதிக்கலாம், என் வாயை மோந்து பார்க்கலாம், என்னிடம் வண்டிச் சாவியைத் தராமல் இருக்கலாம். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் 'ஏழாம் கல'த்தில் நான் நோயாளி இல்லை. அதில் நானும் நீயும் சமம். பதினைந்து வருடமாகச் சண்டை போட்டிருக்கிறோம், ஒருநாளும் நீ எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. அந்த ஒரு இடத்தில் நான் மற்றவர்களைப் போல இருந்தேன். அங்கேயும் கஞ்சி ஊட்டிவிட்டாய்.

ஏன் செய்தாய்?

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவார்கள் என்று இங்கிருந்து உனக்குக் கடிதம் போயிருக்கும். வர வேண்டாம்.

கதிர்


சிங்காநல்லூர்
13 ஜூலை 2025

அண்ணா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. வர வேண்டாம் என்றீர்கள், வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அவிநாசி வண்டி ஒன்று போனது, இன்னொன்று போனது, திரும்பிவிட்டேன்.

நான் எழுதியதில் அந்தக் கடைசிக் கை வரைக்கும் உண்மை, அதில் இருந்து பொய். சரிபாதி வந்தது உண்மை. டீ ஆற்றுகிற சத்தம் உண்மை. ஹெல்டா வேண்டாம் என்றுதான் கை தூக்கினாள். பிறகு அவள் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் எழுதிவிடுகிறேன், நான் எழுதியிருக்க வேண்டியது அது. "நாம் அவனை விட்டுவிட்டோம் என்று யாரும் பேச வேண்டாம். நான் விட்டேன். அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்."

கலம் திரும்பவில்லை. யானை நான் எழுதியது.

பாதி டீயோடு எழுந்து போனது பாலகோபால் சார் இல்லை, நான். அவர் ஹெல்டா செய்ததுதான் சரி என்று கத்திக்கொண்டிருந்தார். சாஜிதா மேடம், இந்தத் தொடரை இனிமேல் பார்க்கப் போவதில்லை என்றார்கள். ஒருவர் ஹெல்டாவுக்கு நடிக்கிற அம்மாவை அசிங்கமாகத் திட்டினார். இன்னொருவர் திட்டுகிறவரைத் திட்டினார். என்னிடம் திரும்பி, "நீங்க என்னுங் சொல்றீங்க?" என்றார்கள். வேலை இருக்கிறது என்று கீழே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இசைமதிக்கு அவள் அப்பா ஊட்டிக்கொண்டிருந்தார். அன்று நீங்கள் குடித்துவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து வண்டியில் ஏற்றி வந்து, குளக்கரையில் விழுந்ததில் இருந்து அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை. நூல் லோடு ஏற்றிக்கொண்டு போவார், வருவார், குழந்தைக்கு ஊட்டுவார். அன்றைக்கு அவள் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனதும் பேசினார்.

"அன்பு, நா ஒண்ணு சொல்லட்டுமா. உங்கண்ணன் நல்லா ஆகோணும். நா இல்லீங்கல. ஆனா இந்த ஊட்டுல வேண்டாம். ரெண்டு தடவ கூட்டியாந்தோம், ரெண்டு தடவயும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு இருந்தோம். இனி என்னால ஆகாது. நீ ரோசன பண்ணிச் சொல்லு."

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். ஹெல்டா கை தூக்கிய இடத்துக்கு வந்தபோது என்னால் அதை எழுத முடியவில்லை. உங்களுக்குத் தாங்காது என்று நினைத்து மாற்றினேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்கள் மாடி அறை ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி எழுதினீர்களே, அந்தக் கடிதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று வாரம் இருந்தேன். அப்போதுதான் புரிந்தது. தாங்காதது உங்களுக்கு இல்லை.

இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம்.

ஹெல்டாவை நான் மன்னிக்கவில்லை. அவள் செய்தது தப்பு. அதற்குப் பிறகு நான் எதுவும் பார்க்கவில்லை.

அன்புக்கரசி


அவிநாசி
22 ஜூலை 2025

அம்மணிக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. முதலில் கிழித்துப் போடலாம் என்று இருந்தது. பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அபிலாஷும் நானும் இப்போது சிநேகிதம். சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நானா இருந்தா அடிச்சிருப்பனுங்" என்றார். அந்த எபிசோடை முழுதாகச் சொல்லச் சொன்னேன். இரண்டு மாலை உட்கார்ந்து சொன்னார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன், ஹெல்டா செய்தது சரி. நீ தப்பு என்று எழுதியிருக்கிறாய், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்று, குழந்தைகள். பாதித் தண்ணீரில் அவர்கள் தாங்குவார்களா என்று டாக்டருக்கே தெரியவில்லை. தெரியாத ஒன்றின் மேல் அடுத்தவன் குழந்தையை ஏற்றி வைக்க முடியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவன் சொல்கிறேன்.

அடுத்தது, பாரிக் அனுப்பிய சிக்னல். நீ அதைக் கவனிக்கவே இல்லை. அபிலாஷ் கவனித்திருக்கிறார். அவன் 'வாருங்கள்' என்று அனுப்பவில்லை. 'இருக்கிறேன்' என்றுதான் அனுப்பினான். மெக்கானிக் அவன், தண்ணீர்க் கணக்கு அவனுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். திரும்பச் சொல்லிக் கேட்டிருந்தால் அவன் பாரிக்கே இல்லை. கலத்தில் இருக்கிறவர்கள்தான் அதை 'வாருங்கள்' என்று படித்துக்கொண்டார்கள். நீயும்.

இன்னொன்று. சரி என்று நான் சொல்வதால் எனக்கு வலிக்கவில்லை என்று நினைக்காதே. மாப்பிள்ளை சொன்னதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். பூட்டு இருந்தது, பிழைத்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் இருந்தோம். நானும்தான்.

நான் உன்மேல் கோபமாக இருப்பது பொய்க்காக இல்லை. அந்த மனிதர் கேட்டு ஆறு வாரம் ஆகிறது, நீ பதில் சொல்லாமல் இருக்கிறாய். என்னிடம் கலம் திரும்பிவிட்டது என்று எழுதினாய், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நிறுத்தி வைத்திருக்கிறாய். அது ஹெல்டா செய்ததைவிட மோசம் அம்மணி. போய்ச் சொல்லிவிடு. நான் வீட்டுக்கு வரவில்லை.

கந்தப்பன் ஒரு இடம் சொன்னார். அவிநாசியிலேயே தமிழ்ச்செல்வன் என்று ஒருவர் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். இங்கே போர்வெல் மோட்டார் பார்க்க வருவார். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. போன வாரம் வந்து என்னோடு பேசினார். என் கையைப் பார்த்தார். கொஞ்சம் நடுங்கியது. பார்க்காதது போல இருந்துவிட்டு, "வாங்க, பாத்துக்கலாம்" என்றார். அவர் தம்பி குடித்தே செத்தவராம், அதைக் கந்தப்பன் பிறகு சொன்னார். இதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. போய்ப் பார்ப்போம்.

அண்ணன்
கதிர்


சிங்காநல்லூர்
3 ஆகஸ்ட் 2025

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் லோடு இறக்கிவிட்டு மத்தியானமே வந்துவிட்டார். தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன், "எங்கண்ணன் இங்க வர வேண்டாமுங்க. நாந்தான் வேண்டாங்கறேன். நீங்க சொல்லி வேண்டாம்னதா இருக்க வேண்டாம்." திரும்பிப் பார்த்தால் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். "நா கெட்டவனாயிட்டனா அன்பு?" என்றார். இல்லீங்க என்றேன். "அவரு வரும்போது ரெண்டு தடவயும் நாந்தான போய்க் கூட்டியாந்தேன்" என்றார். ஆமாங்க என்றேன். நான் பாத்திரத்தைத் தேய்த்து முடித்தேன்.

சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. தூக்கம்தான் வந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பகல் முழுதும் தூங்கினேன். எழுந்தால் பொழுது சாய்ந்திருந்தது. இசைமதி பக்கத்தில் படுத்துக்கொண்டு என் கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை மெலிந்துபோய் வெளுத்திருக்கிறது. பந்தை அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே அழுத்துகிறாள்.

ஹெல்டா விஷயத்தில் நீங்கள் சொன்னது எனக்கு ஏறவில்லை. 'இருக்கிறேன்' என்று ஒருவன் அனுப்பினால் அதற்கு ஒரு பதிலாவது அனுப்ப வேண்டாமா? விட்டுப்போன எபிசோடு எல்லாவற்றையும் நேற்று உட்கார்ந்து பார்த்தேன். ஹெல்டா ஒரு பதில்கூட அனுப்பவில்லை அண்ணா. எட்டு எபிசோடாக. திரும்பாதது சரியாகவே இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு போனது? முடிவு எடுத்ததும் அவளுக்குக் கடமை தீர்ந்துவிட்டதா? இதற்குப் பதில் சொல்லுங்கள். பேக்கரியில் இதைக் கேட்டேன். பாலகோபால் சார் பதிலுக்கு இன்னொரு பப்ஸ் சொன்னார். சாஜிதா மேடம் வந்திருந்தார்கள். பார்க்க மாட்டேன் என்றவர்கள் ஒரு வாரம்கூட விடவில்லை போல.

நீங்கள் வெளியே வருகிற அன்று நான் வருகிறேன். பாய், பக்கெட், ஒரு சின்ன அடுப்பு வாங்கி வைத்திருக்கிறேன். தமிழ்ச்செல்வன் அண்ணனிடம் போனில் பேசினேன். அறையில் மின்விசிறி இருக்கிறதாம். இசைமதி வருகிறேன் என்கிறாள். இப்போது கூட்டிவர மாட்டேன். அதை நான்தான் சொல்கிறேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவேன். அதற்குமேல் என்னால் ஆகாது என்று நினைக்கிறேன். ஆகுமானால் வருவேன்.

அன்புக்கரசி


அவிநாசி
14 செப்டம்பர் 2025

அம்மணிக்கு,

கைபேசி கையில் இருக்கிறது, கூப்பிடலாம். ஆனால் பேசினால் நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா என்று முடிந்துபோகிறது. எழுதினால்தான் மற்றது வருகிறது.

ஹெல்டா பதில் அனுப்பாததைப் பற்றி யோசித்தேன். நீ கேட்டது நியாயம். நான் தோற்றேன் என்று எழுதமாட்டேன், ஆனால் என்னிடமும் பாலகோபாலிடம் இருக்கிற பதில்தான் இருக்கிறது. அபிலாஷிடம் கேட்கலாம் என்று கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. அவர் மூன்று மாதம் முடியாமலே வெளியே போய் இரண்டு வாரம் ஆகிறது. நேற்றும் எடுக்கவில்லை. இன்றும் பார்க்கிறேன்.

வேலை சுமார். காலையில் கை ஒத்துழைக்க நேரமாகிறது, அதுவரை தமிழ்ச்செல்வன் என்னைப் பழைய கம்பி பிரிக்க வைத்துவிடுகிறார். பொழுதோட, சாயங்காலம்தான் கஷ்டம். கடை சாத்தியதும் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் கோயில் பக்கமாகத் திரும்பி நடக்கிறேன். சாமி கும்பிடுவதில்லை. சுற்றி நடந்துவிட்டு வந்து படுக்கிறேன். களைப்பாக இருக்கிறது. இத்தனை வருடம் குடித்த களைப்பு எல்லாம் இப்போதுதான் வருகிறதோ என்னவோ.

வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

மத்தியானம் கடை வாசலில் நூல் லோடு வண்டி ஒன்று நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். திருப்பூருக்குப் போகிற வழி என்றார். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தமிழ்ச்செல்வன் புரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். "கை தேவலீங்க, இசைமதி எழுதறா" என்றார். "செரீங்க" என்றேன். அவர் நான் கட்டிக்கொண்டிருந்த காயிலைப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் வந்து குனிந்தார். காயிலில் பார்க்க ஒன்றுமில்லை. நெருக்கமாக வந்து நின்றார், மூச்சை இழுத்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவமானமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கம்பியைக் கீழே வைத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகவே அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினேன். இரண்டு தடவை ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது, கையால் துடைக்கவில்லை.

"டீ குடிச்சுப்போட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றேன்.

"லோடு நிக்குதுங்க" என்றார். வண்டியில் ஏறி, கண்ணாடி வழியாக ஒருதரம் பார்த்துவிட்டு, "அடுத்த வெள்ளிக்கெழம இந்தப் பக்கந்தான் வாரேன்" என்றார்.

அண்ணன்
கதிர்